சந்திரனைச் சுற்றும் மொடியூல் விண்நிலையம்: கடதாசியில் வடிவமைப்பதற்கான முழு வழிகாட்டி

உயர்தரப் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்த ஐந்தாறு பேர் சேர்ந்தால், சந்திரனைச் சுற்றும் ஒரு விண்நிலையத்தைக் கடதாசியில் ஒழுங்காக வடிவமைத்து முடிக்கலாம். யாழ்ப்பாணத்துப் பாடசாலை விஞ்ஞான மன்றங்களையும், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறவர்களையும் மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். ஒரு சாதாரண மடிகணினி போதும். அதில் எக்செல் மாதிரி ஓர் அட்டவணை மென்பொருள், நாசா இலவசமாகத் தரும் ஜிமாட் என்ற சுற்றுப்பாதை மென்பொருள், படம் கீற ஃப்ரீகாட் ஆகியவை இருக்கவேண்டும்.

தொடங்குவதற்கு முன்னர் ஒரு விசயம். மொடியூல் நிலையம், அதாவது தனித்தனியே ஏவிய பகுதிகளை (மொடியூல்களை) மேலே பொருத்திக் கட்டும் நிலையம், ஒரே நாளில் பிறக்கிற பொருள் அல்ல. முதல் மொடியூல் தனியே போகும், பல மாதம் கழித்து இரண்டாவது வரும், பிறகு மூன்றாவது. மூன்றாவது ஏவலில் வெடித்துப்போனால் முதல் இரண்டும் அங்கே உயிரோடு இருந்தாகவேண்டும். ஆகவே முழுநிலையம் எப்படி இருக்கும் என்ற ஒரு படம் போதாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே வலு, வெப்பம், நிலைப்படுத்தல், தொடர்பு என்று கணக்குப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டமும் தன் காலில் நிற்கவேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் போகின்றன.

படி 1: ஒரு பக்கத்தில் தேவைகள்

படம் கீறும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் இதை எழுதுங்கள். இந்த வழிகாட்டிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம்: நான்கு பேர், வருடத்துக்கு ஒரு தடவை 30 நாள் தங்குவார்கள், மிச்சம் 11 மாதம் நிலையத்தில் ஆளில்லை. ஆயுட்காலம் 15 வருடம். இறங்கும் இடம் சந்திரனின் தென்முனை. ஒரு மொடியூலின் திணிவு 10 தொன்னுக்கு மேல் போகக்கூடாது. பொருத்தி முடிந்த நிலையத்தின் மொத்தத் திணிவு 40 தொன்.

இந்த எண்களில் ஒன்று மாறினாலும் கீழே உள்ள எல்லாக் கணக்கும் மாறும். அதனால் இவற்றை அட்டவணையின் முதல் தாளில் வைத்து, மற்றத் தாள்கள் எல்லாம் அங்கிருந்தே எடுக்கும்படி இணைத்துவிடுங்கள். "11 மாதம் ஆளில்லை" என்ற வரியைப் பலர் கவனிக்காமல் விடுவார்கள். நிலையத்தின் பாதி இயல்பை அந்த வரிதான் தீர்மானிக்கிறது.

படி 2: சுற்றுப்பாதையைத் தெரிதல்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது 100 கிலோமீற்றர் உயரத்து வட்டப்பாதை. ஆவர்த்தன காலம் ஏறத்தாழ 118 நிமிடம். நிலத்துக்குக் கிட்ட, அழகான பாதை. ஆனால் சந்திரனின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. மேற்பரப்புக்கு அடியில் ஆங்காங்கே அடர்த்தி கூடிய திணிவுத் திட்டுகள் இருக்கின்றன. 1972 ஏப்ரல் 24 அன்று அப்பலோ 16 விட்டுவந்த சிறு செய்மதி, அந்தத் திட்டுகள் பாதையைக் கோணலாக்கியதால் 35 நாளில், மே 29 அன்று, சந்திரனில் மோதியது. 27, 50, 76, 86 பாகை என்ற சில சாய்வுகளில் மட்டும் தாழ்பாதை ஓரளவு நிலைத்து நிற்கும். அங்கேயும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 45 நிமிடம் இருட்டு வரும். அதாவது மின்கலங்கள் வருடத்துக்கு 4,400 தடவைக்கு மேல் நிரம்பி வடியவேண்டும். பகற்பக்கச் சந்திரத்தரை 120 பாகை செல்சியசு வரை சூடேறி, வெப்பத்தைக் கீழிருந்து நிலையத்தின்மேல் வீசும். எல்லாவற்றையும்விட, ஆட்களை ஏற்றிவரும் நாசாவின் ஓரியன் விண்கலத்தால் தாழ்பாதைக்குள் போய்த் திரும்பிவர முடியாது. போகவும் வரவும் தலா 0.8 முதல் 0.9 கிலோமீற்றர்/செக்கன் வேகமாற்றம் வேண்டும். அதன் தாங்கிகளில் இருப்பது மொத்தமாகவே 1.2 முதல் 1.3 வரைதான்.

இதனால்தான் சந்திரனைச் சுற்றவென்று நாசா திட்டமிட்ட கேட்வே நிலையத்துக்கு நீண்டு ஒடுங்கிய ஒளிவட்டப் பாதை தெரிவானது. பூமிக்கும் சந்திரனுக்கும் இடையிலான ஈர்ப்புச் சமநிலையைப் பயன்படுத்தும் பாதை அது. வடமுனைக்கு மேலே சுமார் 1,500 கிலோமீற்றர் வரை கிட்டவந்து, தென்முனைப் பக்கம் 70,000 கிலோமீற்றர் வரை விலகிப்போகும். இரண்டு பறுவ இடைவெளிக்குள், அதாவது 59.06 நாளில், சரியாக ஒன்பது சுற்று. ஆகவே ஒரு சுற்றுக்கு 6.56 நாள். இந்த 9:2 பொருத்தத்தைச் சரியான கட்டத்தில் தொடங்கினால் பூமியின் நிழலுக்குள் விழாமலே ஓடலாம். பூமி எப்போதும் பார்வையில் இருக்கும். தென்முனையும் சுற்றின் பெரும்பகுதி நேரம் பார்வையில் இருக்கும். கேட்வே திட்டம் அரசியலில் என்ன ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதற்கும் விலை உண்டு. அங்கிருந்து தாழ்பாதைக்கு இறங்க 0.73 கிலோமீற்றர்/செக்கன், பிறகு தரைக்கு இன்னும் 1.9 அளவில். திரும்பி ஏறவும் அதே அளவு. அதோடு, தரையில் ஒருவருக்குச் சுகயீனம் வந்தால் நிலையம் கிட்டவரும்வரை நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். இதை உங்கள் அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஜிமாட்டில் செய்யும் முறை இது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வுகூடம் முப்பொருள் ஆவர்த்தனப் பாதைகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பூமி–சந்திரன், இரண்டாம் லக்ராஞ்சுப் புள்ளி (இரண்டின் ஈர்ப்பும் சமன்படும் இடங்களில் ஒன்று), தெற்கு ஒளிவட்டக் குடும்பம் என்று தெரிந்து, 6.5 நாள் அளவுள்ள பாதையின் தொடக்க நிலையையும் வேகத்தையும் எடுங்கள். ஜிமாட்டில் பூமி, சந்திரன், சூரியன் மூன்றின் ஈர்ப்பையும் சூரிய ஒளியமுக்கத்தையும் சேர்த்து ஓடவிடுங்கள். இங்கே மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள். முதலாவது, பாதை கோணல்மாணலாகத் தெரியும். பூமியோடும் சந்திரனோடும் சேர்ந்து சுழலும் ஆள்கூற்றுத் தொகுதியில் பார்த்தால்தான் ஒளிவட்டம் தெரியும். இரண்டாவது, மாறாத நேரப்படியில் ஓடவிட்டால் சந்திரனுக்குக் கிட்ட வரும்போது வழு பெருகும். படியளவைத் தானே மாற்றும் தொகையீட்டியைத் தெரியுங்கள். மூன்றாவது, எல்லாம் சரியாகச் செய்தாலும் சில சுற்றுகளில் விண்கலம் பாதையை விட்டு விலகிவிடும். அது மென்பொருளின் பிழை இல்லை. பட்டியலில் உள்ள எண்கள் சந்திரன் சரியான வட்டத்தில் ஓடுவதாக எடுத்துக் கணித்தவை. உண்மையான சந்திரன் அப்படி ஓடுவதில்லை. சந்திரனிலிருந்து தூரத்தில் இருக்கும்போது சுற்றுக்கு ஒரு சிறு திருத்த உந்தல் கொடுங்கள். கிட்டவரும்போது கொடுத்தால் சிறு வழுவும் பெரிதாகிவிடும்.

இப்படித் திருத்த வருடத்துக்கு 10 மீற்றர்/செக்கனுக்குள் போதும். 40 தொன் நிலையத்துக்கு ஐதரசீன் உந்திகளால், தன்கணத்தாக்கு (உந்தியின் எரிபொருள் சிக்கனத்தைக் காட்டும் எண்) 220 செக்கன் என்று எடுத்தால், அது வருடத்துக்கு 185 கிலோகிராம் எரிபொருள். 2,600 செக்கன் தரும் செனன் மின்னுந்திகளால் 16 கிலோகிராம். 15 வருடத்தை இதனால் பெருக்கிப் பாருங்கள், எதைத் தெரிவது என்று தானே விளங்கும். கேட்வேயின் வலு–உந்து மொடியூலும் 60 கிலோவாற்று வலுவோடும் செனன் மின்னுந்திகளோடும்தான் வடிவமைக்கப்பட்டது.

இந்தப் பாதைக்கு முதலில் போய்ப் பார்த்தது கப்ஸ்டோன் என்ற 25 கிலோகிராம் செய்மதி. 2022 ஜூன் 28 அன்று நியூசிலாந்தின் மாகியாவிலிருந்து ஏவப்பட்டு நவம்பர் 13 அன்று பாதைக்குள் நுழைந்தது. வழியில், செப்டெம்பரில், உந்தியொன்றின் வால்வு முழுவதும் மூடாமல் நின்றதால் கட்டுப்பாடிழந்து சுழன்றது. மீட்பதற்கு ஒரு மாதம் சென்றது. உங்கள் வரைபடத்தில் ஒவ்வோர் உந்திக்கும் முன்னால் தொடரில் இரண்டு வால்வுகள் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

படி 3: மொடியூலுக்கு முன் மூட்டு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். மொடியூலின் உள்ளே செய்த பிழையைப் பிறகு திருத்தலாம். மூட்டில் விட்ட பிழை எல்லா மொடியூல்களுக்கும் பரவும். 1970 ஏப்ரலில் அப்பலோ 13 இல் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பெட்டிகள் கட்டளைக்கலத்தில் சதுரமாகவும் இறங்குகலத்தில் வட்டமாகவும் இருந்தன. ஒன்று மற்றதற்குப் பொருந்தவில்லை. பிளாத்திக்குப் பையும் ஒட்டுநாடாவும் கொண்டு ஒட்டித்தான் மூன்று பேரும் உயிர் தப்பினார்கள்.

இணைக்கும் பொறிக்கு இரண்டு தெரிவு உண்டு. சர்வதேச விண்நிலையத்தின் பெரிய மொடியூல்கள் 16 மோட்டர்ப் பூட்டாணிகள் உள்ள இணைப்பால் பொருத்தப்பட்டவை. கதவு 1.27 மீற்றர் அகலம். ஆனால் றோபோக் கையால் பிடித்துவந்து வைக்கவேண்டும். மற்றது சர்வதேச டொக்கிங் நியமம். அதன் வழி 800 மில்லிமீற்றர்தான், ஆனாலும் கலம் தானாகவே வந்து இணைந்துகொள்ளும். முதற்கட்டத்தில் ஆளுமில்லை, கையுமில்லை. ஆகவே டொக்கிங் நியமத்தைத் தெரியுங்கள்.

அந்த நியமத்தின் எண்களை அப்படியே தேவைப் பத்திரத்தில் ஏற்றுங்கள்: கிட்டவரும் வேகம் 0.05 முதல் 0.10 மீற்றர்/செக்கன், பக்கவாட்டு விலகல் 0.10 மீற்றருக்குள், கோண விலகல் 4 பாகைக்குள். அதோடு 800 மில்லிமீற்றருக்குள் போகாத எந்தப் பொருளையும் மாற்றுப்பாகமாகப் பின்னர் கொண்டுபோக முடியாது என்றும் எழுதுங்கள். சர்வதேச விண்நிலையத்தின் உபகரண அடுக்குகள் ஒரு மீற்றருக்கு மேல் அகலமானவை. அவை இந்த வழியால் போகா. பம்பி, விசிறி, தாங்கி எல்லாவற்றையும் 700 மில்லிமீற்றருக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரித்து வடிவமைக்கவேண்டும்.

ஒவ்வொரு மூட்டாலும் எது எது போகும் என்று ஒரு தாள் தயாரியுங்கள். மின்வலு (120 வோற்று நேரோட்டம்), தரவு, காற்று, ஆட்கள். குளிர்த்திரவத்தை மூட்டுக்குக் குறுக்கே கொண்டுபோகவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. திணிவு கொஞ்சம் கூடினாலும் ஒவ்வொரு மொடியூலும் தன் வெப்பத்தைத் தானே வெளியேற்றட்டும். ஒரு கசிவு முழுநிலையத்தையும் நிறுத்தக்கூடாது.

வயர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மீர் விண்நிலையத்தின் ஸ்பெக்டர் மொடியூலில் ஒரு சரக்குக்கலம் மோதி, காற்று வெளியேறத் தொடங்கியது. கதவை மூடினால் நிலையம் தப்பும். ஆனால் திறந்த கதவுக்கு ஊடாக மின்வயர்களும் தரவுவயர்களும் ஓடின. காது அடைக்கிற அமுக்க வீழ்ச்சிக்கு நடுவே, வயர் வயராகக் கழற்றியும் அறுத்தும் முடித்த பிறகுதான் மூடியை வைக்க முடிந்தது. ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள் தந்த மின்சாரமும் அதோடு துண்டிக்கப்பட்டது. ஆகவே வலுவும் தரவும் மூட்டின் வளையத்தில் பதித்த இணைப்பிகளால் மட்டும் போகவேண்டும். கதவுவழியில் நிரந்தரமாக ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. காற்றுக்குழாய் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கையால் இழுத்துக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும்.

மூட்டின் மென்பொருளும் மூட்டுத்தான். 2021 ஜூலை 29 அன்று ரஷ்யாவின் நௌக்கா மொடியூல் சர்வதேச விண்நிலையத்தில் இணைந்து சில மணித்தியாலம் கழிய, அதன் உந்திகள் தாமாக எரியத் தொடங்கி முழுநிலையத்தையும் ஒன்றரைச் சுற்று திருப்பிவிட்டன. டொக்கிங் கொக்கி பூட்டிய மறுகணமே வந்த கலத்தின் உந்திகளை வன்பொருள் மட்டத்தில் முடக்கும் சுற்றொன்றை உங்கள் வடிவமைப்பில் காட்டுங்கள்.

படி 4: எதை எந்த ஒழுங்கில் அனுப்புவது

முதலில் வலு–உந்து மொடியூல், அதோடு ஒரு சிறு வாழிடம். இரண்டையும் தரையிலேயே பொருத்தி ஒரே ஏவலில் அனுப்பினால் ஒரு டொக்கிங் மிச்சம். கேட்வேயும் அந்த வழியைத்தான் எடுத்தது. அடுத்தது பெரிய வாழிடம், பிறகு எயார்லொக் (விண்நடைக்கு வெளியேறும் அறை). சரக்குக்கலம் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னதாக வந்து நிற்கும்.

மொடியூல்களை ஒரே நேர்கோட்டில் அடுக்கினால் கணக்கு இலகு. ஆனால் தீ என்று வரும்போது அது ஆட்களைச் சிக்கவைக்கும் பொறி. 1997 பெப்ரவரியில் மீரில் ஒட்சிசன் உற்பத்திக்கலம் ஒன்று தீப்பற்றியபோது, பூமிக்குத் திரும்பும் இரண்டு சோயூஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழி தீயால் அடைபட்டது. எந்த மொடியூலில் தீ பிடித்தாலும் மிச்ச இடத்தில் உள்ள எல்லோரும் திரும்பும் கலத்துக்குப் போக முடிகிறதா என்று ஒவ்வொரு மொடியூலாக விரலை வைத்துப் பாருங்கள். நான்கு மொடியூல் நிலையத்தில் இது முழுமையாகச் சரிவராது. எந்த மொடியூலுக்குச் சரிவரவில்லை என்று எழுதி, அங்கே தீப்பற்றும் பொருளைக் குறையுங்கள்.

படி 5: அமுக்கக் கூடு

விட்டம் 4.2 மீற்றர், அலுமினியக் கலப்புலோகம், சுவர் 3 மில்லிமீற்றர், உள்ளே 101 கிலோபஸ்கால். வளையத் தகைப்பு அமுக்கம் தர ஆரை வகு தடிப்பு: 71 மெகாபஸ்கால். 2219 வகை அலுமினியம் 350 க்கு மேல் தாங்கும். அப்படியானால் சுவரை இன்னும் மெல்லியதாக்கலாமே என்று தோன்றும். ஆக்கக்கூடாது. ஏவும்போது வரும் அதிர்வும், ஒட்டுவேலையும், சன்னல் கதவுத் துளைகளும்தான் தடிப்பைத் தீர்மானிக்கின்றன.

கதவு எப்போதும் உள்ளமுக்கம் அதைச் சட்டத்தோடு அழுத்தும் பக்கமாகவே மூடவேண்டும். 800 மில்லிமீற்றர் கதவின் ஒரு பக்கம் வெற்றிடம் என்றால் அதன்மேல் 51 கிலோநியூற்றன், ஏறத்தாழ 5 தொன் நிறை, அழுத்தும். பூட்டு உடைந்தாலும் காற்றே கதவைப் பிடித்துக்கொள்ளும். இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இரு பக்கத்துக்கும் வெறும் 1 கிலோபஸ்கால் வித்தியாசம் இருந்தாலே 500 நியூற்றன். மிதந்துகொண்டிருக்கும் ஆளால் அதை இழுத்துத் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கதவிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் திருகக்கூடிய சமன்செய் வால்வும், அமுக்கமானியும் வேண்டும்.

துளை விழுந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? 100 கனமீற்றர் கொள்ளளவில் 5 மில்லிமீற்றர் துளை விழுந்தால், அமுக்கம் 70 கிலோபஸ்காலுக்கு இறங்க இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். 20 மில்லிமீற்றர் துளைக்குப் பத்து நிமிடம்தான். இந்தப் பத்து நிமிடத்துக்குள் கதவு மூடப்படவேண்டும் என்பதே உங்கள் அவசர ஒத்திகையின் அளவுகோல். சிறு கசிவுகள் வேறு வகையான தலையிடி. சர்வதேச விண்நிலையத்தின் ஸ்வெஸ்டா மொடியூலில் இருந்த வெடிப்பைக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாமல், 2020 ஒக்டோபரில் தேயிலைத்தூளை மிதக்கவிட்டு, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துத்தான் இடத்தைக் கண்டார்கள். சுவருக்கு முன்னால் உபகரணங்களை நிரந்தரமாக ஆணியடித்து வைக்காதீர்கள். சுவரின் ஒவ்வொரு பகுதிக்கும் கை எட்டவேண்டும்.

வெளியே விண்கல் துகள்களுக்கு எதிராக இரட்டைச் சுவர்க் கவசம். ஒரு மெல்லிய தகடு, 10 சென்ரிமீற்றர் இடைவெளி, நடுவில் கெவ்லர் துணி, பிறகு கூடு. செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மணல்மணி முதல் தகட்டிலேயே சிதறி ஆவியாகிவிடும்.

படி 6: காற்றும் நீரும்

நான்கு பேர், 30 நாள், ஆகமொத்தம் 120 ஆள்நாள். ஆள்நாளுக்கு ஒட்சிசன் 0.84 கிலோகிராம், எனவே 101. பொதியோடு உணவு 1.8, எனவே 216. குடிக்க, சமைக்க, கழுவ நீர் 3.5, எனவே 420. வெளிவிடும் காபனீரொட்சைட்டு நாளுக்கு 1 கிலோகிராம், எனவே 120. இதை இலிதியம் ஐதரொட்சைட்டால் உறிஞ்சினால் இரசாயனச் சமன்பாட்டின்படி 131 கிலோகிராம் வேண்டும், பெட்டிகளின் திணிவு வேறு. ஒவ்வொரு வருடமும் இதைக் காவிக்கொண்டு போவதைவிட, உறிஞ்சியதை வெற்றிடத்துக்கு விட்டு மீண்டும் பயன்படும் சியோலைற்று (நுண்துளைக் கனிமம்) படுக்கை நல்லது. படுக்கை இரண்டு வேண்டும். ஒன்று உறிஞ்சும்போது மற்றது வெளிவிடும்.

நீருக்கு நாங்கள் வேறு விதமாக முடிவெடுப்போம். சர்வதேச விண்நிலையம் 2023 இல் 98 வீத நீர்மீட்பை எட்டியது. அதைப் பார்த்து எல்லோரும் சிறுநீர் மீள்சுழற்சிப் பொறியை முதல் மொடியூலிலேயே போட்டுவிடுவார்கள். அந்தப் பொறி நிறுத்தாமல் ஓடினால்தான் ஒழுங்காக இருக்கும். 11 மாதம் ஈரத்தோடு சும்மா கிடந்தால் குழாய்களுக்குள் நுண்ணுயிர்ப் படலம் படிந்து அடைத்துவிடும். வருடத்துக்கு 420 லீற்றருக்காக அந்தத் தொல்லையை வாங்கவேண்டாம். மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரத்தை மட்டும் ஒடுக்கிச் சேருங்கள். குழு புறப்படும்போது குழாய்களை வடித்து உலர்த்தும் ஒழுங்கை இப்போதே வரைபடத்தில் காட்டுங்கள். தங்கும் காலம் 90 நாளுக்கு மேல் போனால் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

நிறையின்மையில் சூடான காற்று மேலெழாது. தூங்குகிறவரின் முகத்துக்கு முன்னாலேயே அவர் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு தேங்கி நின்று தலையிடியைக் கொடுக்கும். ஆட்கள் இருக்கும் எல்லா இடத்திலும் காற்று 0.08 முதல் 0.2 மீற்றர்/செக்கன் வேகத்தில் ஓடவேண்டும். படுக்கைப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி விசிறியும், அது நின்றால் கத்தும் எச்சரிக்கையும் வையுங்கள்.

படி 7: வலுவும் வெப்பமும்

சூரியனிலிருந்து சதுரமீற்றருக்கு 1,361 வாற்று. கலங்களின் திறன் 30 வீதம், தகட்டில் கலம் நிரப்பும் பங்கு 85 வீதம், வெப்பத்தாலும் வயரிலும் மிஞ்சுவது 90 வீதம், 15 வருடக் கதிர்வீச்சுக்குப் பிறகு மிஞ்சுவது 88 வீதம் என்று பெருக்கினால் 275 வாற்று வரும். 30 கிலோவாற்றுக்கு 109 சதுரமீற்றர். மின்னுந்திகளோடு 60 கிலோவாற்று வேண்டுமென்றால் 218. புதிய தகட்டின் எண்ணை எடுத்துக் கணக்குப் பார்த்தால் முதல் வருடம் எல்லாம் நன்றாக இருக்கும், பத்தாவது வருடம் இருட்டில் இருப்பீர்கள்.

சந்திரனின் நிழலில் வரும் இருட்டுக்கு 90 நிமிடம் எடுங்கள். 20 கிலோவாற்றுச் சுமைக்கு 30 கிலோவாற்று–மணி. மின்கலத்தை 60 வீதத்துக்கு மேல் வடிக்காமல் இருக்க 50. ஒன்று பழுதானாலும் தாங்க, மூன்றில் இரண்டு போதும் என்ற முறையில் 25 கிலோவாற்று–மணி அடுக்குகள் மூன்று.

செலவழிக்கும் மின்வலு கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாக மாறி உள்ளேயே நிற்கும். ரேடியேற்றர் மேற்பரப்பு 280 கெல்வின், காலற்றிறன் (வெப்பத்தைக் கதிர்க்கும் திறன்) 0.85 என்றால் ஒரு முகம் 296 வாற்று/சதுரமீற்றர் கதிர்க்கும். சூரியனும் நிலையத்தின் மற்றப் பாகங்களும் திருப்பித் தருவதைக் கழித்து 220 எடுங்கள். 20 கிலோவாற்றுக்கு 91 சதுரமீற்றர், இருமுகத் தகடானால் 45.

ஆளில்லாத மாதங்களில் இதே ரேடியேற்றர் எதிரியாகிவிடும். சுமை 20 இலிருந்து மூன்று நான்கு கிலோவாற்றுக்கு இறங்கும்போது திரவம் உறைந்து குழாய் வெடிக்கலாம். ஆகவே உள்வளையத்தில் நீர், வெளிவளையத்தில் அமோனியா போன்ற இலகுவில் உறையாத திரவம், ரேடியேற்றரைப் பாதியாக மூடிவிடும் வால்வுகள் என்று பிரியுங்கள். உட்சுவரின் வெப்பநிலை பனிபடுநிலைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இறங்கினால் சுவரெல்லாம் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பம்பி ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பம்பி ஓடுநிலையில் இருக்கவேண்டும். 2010 இல் சர்வதேச விண்நிலையத்தில் அமோனியாப் பம்பி ஒன்று நின்றபோது அதை மாற்ற மூன்று விண்நடை தேவைப்பட்டது. ஆளே இல்லாத நிலையத்தில் யார் வெளியே போவது?

படி 8: கதிர்வீச்சு

பூமியின் காந்தக்குடை இங்கே இல்லை. சீனாவின் சாங்கி 4 இறங்குகலம் சந்திரத்தரையில் அளந்தது நாளுக்கு 1.37 மில்லிசீவேட்டு (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). அங்கே காலுக்குக் கீழே உள்ள சந்திரன் பாதி வானத்தை மறைக்கிறது. சுற்றுப்பாதையில் அந்த மறைப்பும் இல்லை, ஆகவே 1.8 எடுங்கள். 30 நாளுக்கு 54. நாசா விண்வெளி வீரரின் முழுத்தொழிற்காலத்துக்கும் வைத்திருக்கும் எல்லை 600. மெதுவாக வரும் இந்த அண்டக்கதிரை நிறுத்தக் கவசம் பெரிதாக உதவாது. தங்கும் நாளைக் குறைப்பதே வழி.

சூரியப்புயலுக்குக் கவசம் உதவும். 1972 ஓகஸ்டில், அப்பலோ 16 க்கும் 17 க்கும் நடுவில், பெரும் புயல் ஒன்று அடித்தது. யாரும் மேலே இல்லாததால் தப்பினார்கள். சதுரசென்ரிமீற்றருக்கு 20 கிராம், அதாவது 20 சென்ரிமீற்றர் தடிப்பான நீர், நல்ல காப்பு. நான்கு பேருக்கு 2 மீற்றர்க் கனசதுர அறை என்றால் 24 சதுரமீற்றர் சுவர், 4,800 கிலோகிராம். யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளில் நிற்கும் 1,000 லீற்றர் தாங்கிகள் ஐந்தை நிரப்பி மேலே கொண்டுபோவதற்குச் சமம். 10 தொன் மொடியூலில் இது நடக்காது. எப்படியும் உள்ளே இருக்கப்போகும் 420 லீற்றர் நீரையும் உணவுப் பொதிகளையும் கழிவுப் பைகளையும் படுக்கைப் பகுதியைச் சுற்றி அடுக்குங்கள். உபகரணங்களை அதற்கு வெளியே வையுங்கள். இடைவெளிகளைப் பொலித்தீன் பலகையால் நிரப்புங்கள். ஐதரசன் கூடிய பொருள்தான் நல்லது. ஈயத்தைத் தடிப்பாகப் போட்டால் கதிர் அதில் பட்டு இரண்டாம்நிலைத் துகள்களைக் கிளப்பும். உணவு குறையக் குறையக் கவசமும் குறையும் என்பதை மறக்கவேண்டாம். உண்ட பொதி இருந்த இடத்துக்குக் கழிவுப்பொதி திரும்பவேண்டும்.

படி 9: திரும்பாமல் நிற்பது

இந்தப் பாதையில் நிலையத்தைத் திருப்பப் பார்க்கும் முக்கிய விசை சூரிய ஒளியமுக்கம். 200 சதுரமீற்றர்த் தகட்டில் 1.4 மில்லிநியூற்றன்தான். ஆனால் அது திணிவு மையத்திலிருந்து 3 மீற்றர் விலகித் தாக்கினால், ஒரு நாளில் 350 நியூற்றன்–மீற்றர்–செக்கன் கோணவுந்தம் சேர்ந்துவிடும். 100 கொள்ளும் உந்தச் சில்லு (இந்தத் திருப்பலைத் தான் சுழன்று ஏற்கும் சில்லு) நான்கு இருந்தால் ஏறத்தாழ ஒரு நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதை வடிக்க உந்திகளை எரிக்கவேண்டும், எரித்தால் பாதை குழம்பும்.

புதிதாக ஒரு மொடியூலோ சரக்குக்கலமோ வந்து இணையும்போது திணிவு மையம் நகரும், சடத்துவத் திருப்பமும் மாறும். அதனால் முதற்கட்டம், இரண்டாம் கட்டம், ஓரியன் இணைந்த நிலை, இறங்குகலமும் இணைந்த நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைத்து, மையம், திருப்பம், ஒளியமுக்க முறுக்கம் மூன்றையும் அட்டவணையில் நிரப்புங்கள். மொடியூல்களை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால் மையம் தகடுகளின் அச்சுக்குக் கிட்டவரும் ஓர் ஒழுங்கு கிடைக்கும். நிலையத்தின் இறுதி வடிவத்தை அங்கேதான் கண்டுபிடிப்பீர்கள். இப்போது படத்தைக் கீறுங்கள்.

படி 10: மண்டப நிலத்தில் ஒத்திகை

பாடசாலை மண்டபத்தில் வெண்கட்டியால் 4.2 மீற்றர் அகலத்தில் மொடியூலின் நீள்வெட்டை முழு அளவில் கீறுங்கள். கடையில் கிடைக்கும் காட்போட் பெட்டிகளால் உபகரணங்களை வையுங்கள். 800 மில்லிமீற்றர் வட்டம் வெட்டிய ஒட்டுப்பலகையை நிமிர்த்தி வைத்து, மிகப் பெரிய மாற்றுப்பாகத்தின் அளவில் செய்த பெட்டியை இரண்டு பேர் அதற்குள்ளால் கொண்டுபோகட்டும். பிறகு கதவு மூடும் ஒத்திகை, புயல் அறை கட்டும் ஒத்திகை. பொதிகளை அடுக்க 30 நிமிடத்துக்கு மேல் சென்றால் பொதிகளின் அளவையோ அவை இருக்கும் இடத்தையோ மாற்றுங்கள். ஃப்ரீகாட்டில் தெரியாத பல பிழைகள் இங்கே வெளிவரும்.

படி 11: திணிவு அட்டவணையும் விடைபெறுதலும்

ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பிட்ட திணிவு, வளர்ச்சி ஒதுக்கு, மொத்தம் என்று மூன்று நிரல். பறந்து பழகிய பாகத்துக்கு 5 வீதம், மாற்றியமைத்த பாகத்துக்கு 15, புதிதாகச் செய்வதற்கு 30. வயரும் குழாயும் கொழுவிகளும் எப்போதும் நினைத்ததைவிடக் கூடும், அவற்றுக்கு 30 க்குக் குறைய வைக்காதீர்கள். கூட்டுத்தொகை 10 தொன்னைத் தாண்டினால் ஒதுக்கைக் குறைத்துச் சரிக்கட்டக்கூடாது, ஏதாவது ஒரு பாகத்தை அடுத்த ஏவலுக்குத் தள்ளுங்கள்.

கடைசி வரியாக, செனன் தாங்கியில் ஒரு பங்கை ஆயுள் முடிவுக்கென்று பூட்டி வையுங்கள். இந்தப் பாதையிலிருந்து வெளியேறிச் சூரியனைச் சுற்றும் பாதைக்குப் போகச் சிறிய உந்தலே போதும். அது கொடுபடாவிட்டால் நிலையம் தானாக விலகி எந்தத் திசையில் போகும், சந்திரனில் எங்கே விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த உந்தலைக் கொடுக்கும் கட்டளை, நிலையத்தின் மற்றக் கணினிகள் செத்துப்போனாலும் வேலை செய்யும் தனிச் சமிக்ஞை வாங்கியில் இருக்கவேண்டும். அதற்கென்று ஒரு சிறு மின்கலமும், எல்லாப் பக்கமும் கேட்கும் ஓர் அன்ரனாவும் திணிவு அட்டவணையில் தனி வரியாக வரட்டும்.